வராது என்று சொன்னவர்

எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும் ராத்தா முதலில் பார்ப்பது வாயைத்தான். சலாம் சொல்லும்போதே உதட்டோரம் சிவந்திருக்கிறதா, பல்லில் கறை இருக்கிறதா என்று அவருடைய கண் தேடும். கொஞ்சம் பழகியவர் என்றால் "ஆ காட்டு" என்று தாடையைப் பிடித்துவிடுவார். கையில் மீன் வாடை அடிக்கும், விரலில் செதில் ஒட்டியிருக்கும். ஆனாலும் வாயைத் திறந்து காட்டுவார்கள். காட்டாமல் அவரிடமிருந்து தப்ப முடியாது.

எனக்கு அவர் சொந்தமில்லை. எங்கள் பக்கம் அக்காவை ராத்தா என்போம். பள்ளிவாசல்துறைக் கருவாட்டு வாடியில் வேலை செய்த பெண்கள் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் குடியிருந்தார். இரண்டு குடும்பமும் தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்டு இந்தப் புத்தளம் பக்கம் வந்தவை. நான் சொல்வது சண்டை முடிந்த பிறகு வந்த வருடங்களை. அப்போது சிலர் ஊருக்குத் திரும்பினார்கள். சிலர் காடாகிக் கிடந்த காணியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ராத்தா பார்க்கவும் போகவில்லை. "என்ட உம்மா இஞ்சதான் அடங்கியிரிக்கா" என்பார். அதற்கு மேல் அந்தக் கதையை எடுக்கமாட்டார்.

வாடி என்றால் கடற்கரையில் ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டில்தான். படகில் வந்த மீனைக் கீறிக் குடலெடுத்து, உப்பில் போட்டு, வெயிலில் காயப்போட வேண்டும். காலையில் குந்தினால் பின்னேரம்தான் எழும்பலாம். நாற்றத்துக்கும் பசிக்கும் எல்லோர் வாயிலும் வெற்றிலை இருந்தது. பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை. கையில் மீன் இரத்தம் இருப்பதால் ஒருத்தி மற்றவளுக்கு ஊட்டிவிடுவாள். ராத்தா மட்டும் வெறும் வாயோடு குந்தியிருப்பார்.

"வெத்தில இல்லாட்டி இந்த நாத்தத்துல எப்பிடி ராத்தா இரிக்கிற?" என்று யாராவது கேட்டால், "எனக்கும் மூக்கு இரிக்குதானே" என்பார்.

பகல் சாப்பாட்டுக்கு அவர் பெட்டியைத் திறந்தால் நாங்கள் எட்டிப் பார்ப்போம். சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலைச் சுண்டல், வல்லாரைச் சம்பல், ஒரு கீற்றுப் பப்பாளி. பொரித்தது எதுவும் இராது. கருவாடும் இராது. நாள் முழுக்கக் கருவாடு போடுகிறவர் கருவாடு சாப்பிடமாட்டார் என்பது வாடியில் பெரிய பகிடி. முதலாளியின் காதுக்கும் அது போய்விட்டது.

"ஏன் புள்ள, நான் கருவாடு விக்கிறவன். நீ என்ட வாடியில குந்திக்கிட்டே கருவாடு தின்னாதேங்கிறியாம்?"

"தின்ன வேணாம் எண்டு சொல்லல்ல முதலாளி. ஒவ்வொரு நாளும் தின்ன வேணாம் எண்டுதான் சொன்னன். உப்புக் கூடின சாமான் வயித்துக்குக் கூடாதாம். கொழும்பாக்கள் வாங்கித் தின்னட்டும், உங்களுக்கு யாவாரம் நடக்கும்தானே."

முதலாளி சிரித்துவிட்டுப் போய்விட்டார். ராத்தா சிரிக்கவில்லை. இந்த விடயத்தில் அவர் சிரித்து நான் கண்டதில்லை.

வேலை முடிந்ததும் நாங்கள் மீன் லொறியின் பின்பக்கம் ஏறி வருவோம். அவர் நடந்துதான் வருவார். மழையென்றாலும் நடை. லொறி அவரைத் தாண்டும்போது கை காட்டுவோம். அவர் எங்களைப் பார்த்து, இறங்கி நடக்கச் சொல்லிக் கையை வீசுவார்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் உப்புத் தொட்டியடியில் வைத்து அவராகவே சொன்னார். அகதி முகாமில் இருந்தபோது அவருடைய உம்மா கிடைக்கிற சோற்றைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாராம். வருடக்கணக்கில் அப்படி. பிறகு வாய் திறக்க முடியாமல் போனது. கன்னத்தில் புண் வந்தது.

"கடைசியில உம்மாட கன்னத்துல ஓட்ட விழுந்திட்டு புள்ள. வாய்க்குள்ள ஊத்துற கஞ்சி கன்னத்தால வெளிய வரும். நான் ஒரு கையால ஊத்தி மத்தக் கையால பொத்திப் பிடிப்பன்."

சொல்லிவிட்டு மீன் கீறத் தொடங்கிவிட்டார். அன்று என் பக்கத்தில் இருந்தவள் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு வந்தாள். ஆனால் அடுத்த நாள் திரும்பவும் போட்டாள்.

கற்பிட்டியில் கிளினிக்குக்குப் போனபோது ஒருதடவை நானும் அவரோடு இருந்தேன். ஒரு மிஸ்ஸி, நர்ஸைத்தான் சொல்கிறேன், எங்களைக் கதிரைகளில் இருத்திப் புற்றுநோயைப் பற்றிப் பேசினார். வெற்றிலை புகையிலையை விடுங்கள், பீடி சிகரட் வேண்டாம், கீரையும் பழமும் நிறையச் சாப்பிடுங்கள், உப்பையும் எண்ணெயையும் குறைத்துக்கொள்ளுங்கள், நடங்கள், உடம்பு பெருக்க விடாதீர்கள் என்றார். இதெல்லாம் செய்தால் வருகிற ஆபத்துக் குறையும் என்றார். ராத்தா முன்வரிசையில் இருந்து உதட்டை அசைத்து மனனம் செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் வாடியில் அதை அப்படியே ஒப்புவித்தார். ஒரேயொரு சொல்லைத்தான் மாற்றினார். "இதெல்லாம் செஞ்சா வராது" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்டேன். "ராத்தா, அந்த மிஸ்ஸி குறையும் எண்டுதானே சொன்னா? வராது எண்டு சொல்லல்லயே."

"குறையும் எண்டு சொன்னா யாரு விடுவாங்க? உன்ட மாமி விடுவாவா?" என்றார். "வராது எண்டு சொன்னாத்தான் விடுவாங்க. நீ வாயப் பொத்திக்கிட்டு இரி."

என்னுடைய மாமி, அதாவது என் மாப்பிள்ளையின், கணவரின், உம்மா, வாடியில் எல்லோரையும் விட அதிகமாக வெற்றிலை போடுகிறவர். கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாகத் தடித்திருந்தது. கொஞ்சம் உறைப்புப் பட்டாலும் கண்ணால் தண்ணீர் வரும். ராத்தா ஒவ்வொரு நாளும் எங்கள் வீட்டுக்கு வந்து அவருடைய வாயைத் திறந்து பார்த்தார். வெற்றிலைக்குப் பதிலாகச் சீரகமும் கொப்பறாத் துண்டும் ஒரு போத்தலில் போட்டுக் கொடுத்தார். மாமி அந்தப் போத்தலை எறிந்தார். ராத்தா பொறுக்கிக்கொண்டு வந்து திரும்பவும் கொடுத்தார். "உன்ட தொல்லையில இருந்து தப்புறதுக்காவது விடுறன்" என்று மாமி ஒருநாள் விட்டுவிட்டார். வாடியில் வேறு சிலரும் விட்டார்கள். சிலருடைய பல் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. மாமி மீன்குழம்பை உறைப்போடு சாப்பிட்ட அன்று ராத்தா எங்கள் அடுப்படியில் நின்று அவர் ஒவ்வொரு கவளமாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்தாவின் மாப்பிள்ளை படகுக்காரர். அண்ணன் முறைக்கு நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். பெரிய உடம்பு, குறைந்த பேச்சு. பீடியும் வெற்றிலையும் இல்லாமல் அவர் கடலுக்குப் போனதே இல்லை. அவரையும் ராத்தா விடவைத்தார். சண்டை பிடிக்கவில்லையாம். அவர் கடலிலிருந்து வந்தால் பக்கத்தில் போய் வாயை மணந்து பார்ப்பாராம். பீடி வாடை அடித்தால் அன்று முழுக்க ஒன்றும் கதைக்கமாட்டாராம். பிள்ளைகள் இல்லாத வீடு. இருவரில் ஒருவர் கதைக்காவிட்டால் வீட்டில் சத்தமே இராது. "அத விட இத விடுறது லேசு" என்று நானா என் மாப்பிள்ளையிடம் சொன்னார்.

ராத்தாவோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் வந்தது. எங்கள் ஒழுங்கையில் தையல் தைத்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண், கைக்குழந்தைக்காரி, மார்பில் புற்று வந்து மௌத்தானாள். வெற்றிலையைத் தொட்டும் பார்க்காதவள். மையத்து வீட்டில் ராத்தா அந்தப் பெண்ணின் உம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி, மெதுவாக, "புள்ள என்னத்தத் தின்னுவா? பொரிச்சது கூடத் தின்னுவாவா? புள்ளைக்குப் பால் குடுத்தாதானே?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

அந்த உம்மா அழுவதை நிறுத்தினார். "என்ட புள்ள என்ன குத்தம் செஞ்சா எண்டு கேக்கவா நீ வந்த? எழும்பிப் போ" என்றார்.

நான் ராத்தாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. "அங்க வச்சா ராத்தா இதக் கேக்கிற?" என்றேன். அவர் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு, "காரணம் ஒண்டும் இல்லாமலும் வரும் எண்டா, நாம என்னத்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற?" என்றார். அவருக்குப் பயம் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

அதற்கடுத்த நோன்புக்குப் பிறகு அவர் மெலியத் தொடங்கினார். வாடியில் எல்லோரும் அதைப் புகழ்ந்தார்கள். நடந்து நடந்து ராத்தா குமர் மாதிரி ஆகிவிட்டார் என்றார்கள். லொறியை விட்டு நடக்கத் தொடங்கியவர்கள்கூட உண்டு. பகலில் அவர் பெட்டியைத் திறந்து, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை எனக்குத் தந்தார். "வீட்டுல தின்டுட்டு வந்தன்" என்பார்.

ஒருநாள் உப்புத் தொட்டிக்குப் பின்னால் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவரை நான் கண்டேன். மணலில் கறுப்பாக, கோப்பித் தூள் கலந்தது போல் கிடந்தது. அவர் காலால் மணலைத் தள்ளி மூடினார்.

"புத்தளத்துல காட்டிட்டன்" என்றார். "இரப்பையில வந்திரிக்காம். கொழும்பு ஆஸ்பத்திரிக்குத் துண்டு தந்திரிக்காங்க."

"எப்ப?"

"நோன்புக்கு முந்தி."

நானாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினார். என்னுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீயும் யாருக்கும் சொல்லாத. நான் மௌத்தாப் போறது பெரிய காரியமில்ல புள்ள. எனக்கு வந்தது தெரிஞ்சா இவள்கள் எல்லாம் திரும்ப வெத்திலயப் போடுவாள்கள். உன்ட மாமி அண்டைக்கே போடுவா. அவரும் போடுவாரு. நான் பட்ட பாடெல்லாம் போயிரும்."

"மருந்து செய்யாம இரிந்து என்ன சொல்லப் போறீங்க ராத்தா? கடைசியில தெரியத்தானே போகுது."

"வேற வருத்தம் எண்டு சொல்லுவன். அல்சர் எண்டு சொல்லுவன். அது வரைக்கும் அவங்களுக்கு விட்டுப் பழகிரும்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று பின்னேரமே நானாவிடம் போய்ச் சொன்னேன். அதைப் பற்றி எனக்கு இன்றைக்கும் மனவருத்தம் இல்லை. சொல்லாமல் வைத்திருக்கக்கூடிய கதை இல்லை அது. நானா வலையைக் கீழே போட்டுவிட்டு வேன் பிடிக்கப் போனார்.

கொழும்பில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். ஈரலுக்கும் போய்விட்டது, கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் ஏதும் செய்து பார்த்திருக்கலாம் என்று டொக்டர் நானாவிடம் சொன்னாராம். ராத்தாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. நோய் பார்க்க வந்த பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருக்குக் கதை கேட்கும். "எல்லாத்தையும் விட்டிரிந்த மனிசிக்கே வந்திட்டுதே. நாம என்னத்துக்குக் கிடந்து வாய உலத்துற?" அவர் சாப்பிட்ட கீரைதான் காரணம் என்று ஒருத்தி சொன்னாள். கற்பிட்டித் தோட்டக் கீரைக்கு அடிக்கிற மருந்துதான் வயிற்றில் பிடித்துவிட்டதாம். ராத்தா தின்ற கீரை அவருடைய கிணற்றடியில் முளைத்தது. அதைச் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. கிணற்றுத் தண்ணீர்தான் என்றாள் இன்னொருத்தி. நடந்ததால் வயிறு இறங்கிவிட்டது என்றார் ஒரு கிழவி. அவர் மையத்து வீட்டில் கேட்டதையெல்லாம் இப்போது அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

என் மாமி உள்ளே வந்து பாயில் இருந்தபோது ராத்தா வழக்கம் போல வாயைத்தான் பார்த்தார். மாமியின் உதடு சிவந்திருந்தது.

"மாமி, போட்டிட்டீங்களா?"

"ஓம் புள்ள, போட்டன். நீ வராது எண்டு சொன்னாய், நானும் நம்பினன். இனி என்னத்த நம்புற?"

"நான் வெத்தில போட்டிரிந்தா இன்னும் முந்தி வந்திரிக்கும் மாமி. குறையும் எண்டுதான் மிஸ்ஸி சொன்ன…"

"அத அண்டைக்கு நீ சொல்லல்லயே" என்றார் மாமி. கோபமாகச் சொல்லவில்லை. வெறுமனே சொன்னார். ராத்தா கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வாடிப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ராத்தா என்னைக் கூப்பிட்டுத் தன்னைத் தூக்கி இருத்தச் சொன்னார். முதுகுக்குத் தலையணை வைத்தேன். எலும்பு கையில் குத்தியது. நானா எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் உங்களுக்கு ஒண்டு சொல்லோணும்" என்றார் ராத்தா. "நானும் போட்டன். வெத்தில இல்ல, வெறும் பொயில. வாடி முடிய நான் ஏன் நடந்து வந்த எண்டு நினைக்கிறீங்க? போட்டுக்கிட்டு வரத்தான். துப்பினா யாரும் கண்டிருவாங்க எண்டு சாற விழுங்கினன். அதுதான் வயித்துல வந்திரிக்கு. நீங்க போடாதீங்க. எனக்கு வந்தது விட்டதால இல்ல, விடாததால."

நானா தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்தார். கடற்கரைப் பக்கம் நடந்து போனார்.

எனக்கு அது பொய் என்று தெரியும். எத்தனையோ நாள் நானும் லொறியை விட்டுவிட்டு அவரோடு நடந்திருக்கிறேன். அவருடைய பெட்டியில் மிச்சமானதைச் சாப்பிட்டிருக்கிறேன். பெண்கள் எழும்பிப் போன பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

"நம்பினாங்களா?"

"நம்பிட்டாங்க ராத்தா. ஏன் இப்பிடிச் சொன்னீங்க?"

"பொய்தான். என்னத்துக்குச் சொன்ன எண்டு அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்றார். "இனி விடுவாங்கதானே?"

நம்பியது உண்மைதான். ஆனால் வாடியில் அடுத்த நாள் பேச்சு வேறாக இருந்தது. எங்களை விடச் சொல்லிவிட்டு அவள் ஒளித்துத் தின்றிருக்கிறாள் என்றார்கள். முனாபிக் என்றாள் ஒருத்தி, உள்ளொன்றும் புறமொன்றும் உள்ளவள் என்று. என் மாமி ஒரு மடிப்புக்கு இரண்டு மடிப்பாக வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டு, "இவ்வளவு நாளும் என்ட வாயத் திறந்து பாத்தாளே, அவட வாய யாரு பாத்த?" என்றார். அது பொய், உங்களுக்காகச் சொன்ன பொய் என்று நான் சொன்னேன். "அப்ப எது உண்மை?" என்று திருப்பிக் கேட்டார். எல்லாவற்றையும் விட்டவருக்கும் வந்தது என்பதுதான் உண்மை. அதை நான் சொன்னால் அதுவும் வெற்றிலைக்குத்தான் சாதகம். நான் மீனைக் கீறினேன்.

அதற்குப் பிறகு ராத்தாவைப் பார்க்க ஆட்கள் வரவில்லை. வெற்றிலையை விடுகிற கஷ்டத்தில் வெட்கப்பட்டு வராமல் இருக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்பார்.

"உன்ட மாமி?"

"விட்டிட்டா ராத்தா."

"சீரகம் குடுத்தியா?"

"குடுத்தன்."

தண்ணீரும் இறங்காமல் போனது. நான் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். ஒருநாள் விடிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தானார். மையத்துக்கு எல்லோரும் வந்தார்கள். குளிப்பாட்டியவர்களில் ஒருத்தி அவருடைய வாயைத் திறந்து பல்லைப் பார்த்ததை நான் கண்டேன். அவள் என்ன கண்டாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மௌத்தானவருக்காக ஓதும் கத்தமெல்லாம் முடிந்த பிறகு ஒரு பகல் நானாவுக்குச் சோறு கொண்டுபோனேன். படகு நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்து மணலில் சிவப்பாகத் துப்பிக் கிடந்தது. வாயிலும் இருந்தது.

அவர் நம்பிவிட்டார், அந்தக் கோபத்தில்தான் போடுகிறார் என்று நினைத்தேன். "நானா, அண்டைக்கு ராத்தா சொன்னது பொய். அவ ஒரு நாளும் பொயிலயத் தொடல்ல" என்றேன்.

"தெரியும்" என்றார். "இவ்வளவு காலம் ஒண்டாப் படுத்தவன். எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் எழும்பிப் போனீங்க?"

"அவட வாயால அதக் கேக்க ஏலாமப் போச்சு. அண்டு ராவு அவட்ட, எல்லாருக்கும் உண்மையச் சொல்லப் போறன் எண்டு சொன்னன். வேணாம் எண்டுட்டா. நீங்க அப்பிடிச் சொன்னா நான் சொன்ன பொய்யும் வீணாப் போயிரும் எண்டு சொன்னா."

"அது தெரிஞ்சும் இத ஏன் நானா திரும்பப் போடுறீங்க? அவ அவ்வளவு பாடுபட்டும்."

ஊசியை இழுத்து முடிச்சை இறுக்கினார்.

"நோய் வராம இரிக்கோணும் எண்டு நான் விடல்ல புள்ள. அவ கதைக்கோணும் எண்டுதான் விட்டன்."

சோற்றுப் பெட்டியை வாங்கித் திறந்தார். வெறும் சோறும் முருங்கையிலையும்தான் அன்று நான் போட்டிருந்தேன். மூடியைத் திரும்பப் போட்டுப் படகில் ஒரு பக்கமாக வைத்தார். பிறகு மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளிவிட்டு, சுண்ணாம்பைத் தடவினார். நான் வீட்டுக்கு வந்தேன்.